தணிக்கை வேறு, தலையீடு வேறு

எந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தை எடுத்துக்கொண்டாலும், ஆண்டு விழா நெருங்கும்போது ஒரு பேச்சு எழுவது வழக்கம். நாடக ஒத்திகை தொடங்கியிருக்கும். "அந்த மாமியார் காட்சியை எடுத்துவிடலாமே, நாலு பேர் மனம் வருந்துவார்கள்" என்பார் ஒருவர். "கொஞ்சம் அரசியல் வாடை அடிக்கிறதே" என்பார் இன்னொருவர். விழா மலருக்கு விளம்பரம் தருபவர், "அந்தக் கவிதை வேண்டாமே" என்று தொலைபேசியில் சொல்வார். எழுதியவருக்கு யார் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்பது தெளிவாகத் தெரியாது. காட்சி போய்விடும், கவிதையும் போய்விடும். அடுத்த ஆண்டு அவர் எழுதவே மாட்டார்.

இதைத்தான் நாம் பொதுவாகத் 'தணிக்கை' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இதற்குத் தணிக்கை என்ற பெயர் பொருந்துமா என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தமிழில் தணிக்கை என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளுக்குப் பயன்படுகிறது. கணக்கைச் சரிபார்ப்பதும் தணிக்கை. சினிமாவையும் எழுத்தையும் சோதித்து வெட்டுவதும் தணிக்கை. நான் ரயில்வேயில் பணியாற்றிய காலம் முழுவதும் முதல் வகைத் தணிக்கையோடு பழகியவன். ஒரு பாலத்துக்கு வாங்கிய இரும்பில் கணக்கு இடித்தால் தணிக்கைக்காரர்கள் வாயால் சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். பத்தி எண் போட்டு, எந்த விதி மீறப்பட்டது என்று குறிப்பிட்டு, கையெழுத்திட்டு ஆட்சேபணை அனுப்புவார்கள். நாம் எழுத்தில் பதில் சொல்லலாம். பதில் சரியாக இருந்தால் ஆட்சேபணை விலக்கப்படும். இல்லையென்றால் மேலே போகும். எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் அதில் நான்கு நல்ல அம்சங்கள் உண்டு: சொன்னவர் யார் என்பது தெரியும், எதைச் சொன்னார் என்பது தெரியும், காரணம் தெரியும், பதில் சொல்ல வழி இருக்கும்.

கலைப் படைப்புகளின் மேல் வைக்கப்படும் கையையும் இந்த நான்கு கேள்விகளால் அளந்து பார்க்கலாம். நான்குக்கும் விடை இருந்தால் அதைத் தணிக்கை எனலாம். அது சரியோ தவறோ, அதை எதிர்த்து வாதாட முடியும். விடை இல்லையென்றால் அது வெறும் தலையீடு. அதை எதிர்த்து வாதாட ஆளே இருக்க மாட்டார்.

எழுதியவர்களை அனுப்பிய தீவு

இந்தப் பொருளைப் பற்றிப் பேச நம் தீவுகளைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் குறைவு. எழுதிய குற்றத்துக்காக மனிதர்களைக் கப்பலேற்றி அனுப்பிய ஊர் அல்லவா இது!

போர்ட் பிளேயரில் (2024 செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது) செல்லுலார் சிறை 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடிந்தது. ஏழு சிறகுகளில் இன்று மூன்றே நிற்கின்றன. மெயின்லேண்டிலிருந்து உறவினர் வந்தால் நாம் அழைத்துப் போய்க் காட்டும் முதல் இடம் அது. வெடிகுண்டு வழக்குகளில் வந்தவர்களைப் பற்றி வழிகாட்டிகள் விரிவாகச் சொல்வார்கள். பத்திரிகை ஆசிரியர்களும் அங்கே செக்கிழுத்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அலகாபாத்தில் 1907இல் 'ஸ்வராஜ்ய' என்ற உருது வார இதழ் தொடங்கப்பட்டது. ஓர் ஆசிரியர் அரச நிந்தனைக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனால் அடுத்தவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்வார். அவரும் சிறைக்குப் போவார். 1910இல் இதழ் நிற்கும்வரை இப்படியே நடந்தது. ஆசிரியர் வேலைக்குச் சம்பளம் காய்ந்த ரொட்டியும் தண்ணீரும் சிறைவாசமும்தான் என்று அந்த இதழே விளம்பரம் செய்ததாகச் சொல்வார்கள். அந்த ஆசிரியர்களில் ஹோதிலால் வர்மா, நந்தகோபால் முதலிய சிலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். உள்ளே நடந்த கொடுமைகளை ஹோதிலால் வர்மா எழுதி ரகசியமாக வெளியே அனுப்பிய கடிதம், 1912இல் கல்கத்தாவின் 'பெங்காலி' பத்திரிகையில் வெளிவந்தது. எழுதியதற்காகச் சிறைக்கு வந்தவர், சிறையிலிருந்தும் எழுதினார்.

சாவர்க்கர் 1857ஆம் ஆண்டுப் போரைப் பற்றி எழுதிய நூல், அச்சாகி வெளிவரும் முன்பே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 1911இல் அவர் இங்கே கொண்டுவரப்பட்டபின், காகிதமும் பேனாவும் கிடைக்காத நிலையில் கவிதைகளைச் சுவரில் கீறியும் மனப்பாடம் செய்தும் காப்பாற்றினார். 1933 மே மாதம் இங்கே நடந்த உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிரிழந்தனர். கைதிகள் கேட்டவற்றில் நல்ல உணவும் விளக்கும் இருந்தன. படிக்கப் புத்தகமும் இருந்தது. சோற்றோடு புத்தகத்தையும் சேர்த்துக் கேட்டு உயிர் விட்டவர்கள் வாழ்ந்த மண் இது.

மேடைக்கு வந்த சட்டம்

நாடகத்துக்கான தணிக்கை இந்தியாவில் கல்கத்தாவில் பிறந்தது. 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது, கல்கத்தா வழக்கறிஞர் ஒருவர் அவரைத் தம் வீட்டுப் பெண்கள் இருந்த அந்தப்புரத்துக்கே அழைத்துச் சென்று வரவேற்றார். ஊர் சிரித்தது. கிரேட் நேஷனல் தியேட்டர் அதைக் கேலி நாடகமாகப் போட்டது. அரசாங்கம் முதலில் அவசரச் சட்டமும், அதே 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டமும் கொண்டுவந்தது. அவதூறானது, அரசின் மேல் வெறுப்பை வளர்ப்பது, ஒழுக்கத்தைக் கெடுப்பது என்று அரசு கருதும் எந்த நாடகத்தையும் அச்சட்டத்தின் கீழ்த் தடை செய்யலாம்.

'கருதும்' என்ற அந்தச் சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாலத்தின் மேல் எத்தனை டன் எடை போகலாம் என்று எண் போட்டுப் பலகை வைக்கலாம். அரசு எதை வெறுப்பு என்று கருதும் என்பதற்குப் பலகை கிடையாது. வெள்ளையர் எழுதிய இந்தச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் ஏட்டில் இருந்தது. 2018இல்தான் பாராளுமன்றத்தின் சட்டம் அதை நீக்கியது.

தமிழ் மேடை இந்தச் சட்டத்தோடு விளையாடிக்கொண்டே வளர்ந்தது. கதை வள்ளி திருமணமாக இருக்கும், பாட்டு சுதந்திரப் போராட்டத்துக்கானதாக இருக்கும். தினைப்புனத்தில் வள்ளி கொக்கை விரட்டும் பாட்டில், அந்தக் கொக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது கேட்பவர் எல்லோருக்கும் புரியும். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றவர்கள் பாட்டு எழுதினார்கள். விசுவநாததாஸ் மேடையில் பாடிக் கைதாகி, வெளியே வந்து மீண்டும் பாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

சுதந்திரம் வந்தபின் இந்தக் கதை முடிந்ததா என்றால் இல்லை. 1954இல் சென்னை மாநிலத்திலேயே புதிதாக ஒரு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. எம்.ஆர்.ராதா இராமாயணத்தைத் தம் வழியில் நாடகமாகப் போட்டுவந்த காலம் அது. அவரை மனத்தில் வைத்தே சட்டம் போட்டார்கள் என்பது அன்றைய பேச்சு. அவருடைய கருத்தை ஏற்றவரும் உண்டு, ஏற்காதவர் அதைவிட அதிகம் உண்டு. ஆனால் ஒருவருக்காகச் செய்த சட்டம் எல்லோர் தலையிலும் விழுந்தது. வரதட்சணை பற்றிய நாடகமானாலும், தொழிலாளர் மன்றத்தின் சிரிப்பு நாடகமானாலும் பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுத்து அனுமதி வாங்கும் பழக்கம் தமிழ்நாட்டில் பல்லாண்டுகள் நீடித்தது. நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தள்ளியது. அறுபது ஆண்டுகள் பிடித்தன என்றாலும், எழுத்தில் இருந்த சட்டமாகையால் எதிர்த்து வழக்குப் போட முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

புத்தகமும் படமும்

புத்தகங்களுக்கு இந்தியாவில் முன்தணிக்கை கிடையாது. யாரிடமும் காட்டாமல் அச்சிடலாம். வெளிவந்தபின் அரசு பறிமுதல் செய்யலாம். பாரதியாருக்கு இரண்டு அனுபவமும் உண்டு. அவர் ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகை 1908இல் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரிக்குப் போக வேண்டி வந்தது. அங்கிருந்து வந்த இதழ்கள் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைவதும் பின்னர் தடுக்கப்பட்டது. அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1928இல் பர்மா அரசாங்கம் அவருடைய தேசியப் பாடல்களைத் தடை செய்ய, அதைப் பின்பற்றிச் சென்னை அரசாங்கமும் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த பாடல்கள் அவை. சட்டசபையில் சத்தியமூர்த்தி இதை எழுப்பி அரசாங்கத்தைக் கேள்வி கேட்டார். பின்னர் தடை விலகியது. இன்று நம் சங்க விழாக்களிலும் அப்பாடல்கள் இல்லாமல் மேடை தொடங்குவதில்லை.

இன்றும் புத்தகத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆவது பிரிவில் இருந்தது, இப்போது 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அரசு தன் ஆணையில் காரணத்தை எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை விசாரிக்கும். மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் இங்கே விடை இருக்கிறது.

சினிமாவின் நிலை வேறு. அதற்கு 1918ஆம் ஆண்டுச் சட்டம் முதலே முன்தணிக்கை உண்டு. காங்கிரஸ் சார்பை வெளிப்படையாகக் காட்டிய, கல்கியின் கதையைக் கொண்டு கே.சுப்பிரமணியம் எடுத்த 'தியாகபூமி' 1939இல் வெளியாகி வாரக்கணக்கில் ஓடியபின் தடை செய்யப்பட்டது. இப்போது நடைமுறையில் உள்ளது 1952ஆம் ஆண்டுச் சட்டம். சென்னை உட்பட 9 ஊர்களில் சான்றிதழ் வாரியத்தின் மண்டல அலுவலகங்கள் உள்ளன. 1983இல் வாரியத்தின் பெயரிலிருந்தே தணிக்கை என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சான்றிதழ் என்று மாற்றினார்கள். மக்கள் வாயில் மட்டும் அது இன்றும் சென்சார்தான்.

படங்களுக்கு முன்தணிக்கை கூடாது என்று கே.ஏ.அப்பாஸ் தொடுத்த வழக்கில், 1970இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திரைப்படம் மனத்தை அசைக்கும் வேகம் பிற கலைகளைவிட அதிகம் என்பது அதன் வாதம். ஆனால் அந்த வழக்கின் பயனாக, வாரியத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யத் தனியாக ஒரு தீர்ப்பாயம் வேண்டும் என்பது உறுதியாகிப் பின்னர் அமைந்தது. 2021 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பாயத்தை மூடிவிட்டார்கள். இப்போது நேரே உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். பெரிய தயாரிப்பாளருக்கு அது ஒரு பொருட்டல்ல. கடன் வாங்கிச் சிறிய படம் எடுத்தவருக்கு ஒரு மாதத் தாமதமே வட்டியில் முழுகடித்துவிடும். 2023இல் சட்டத்தைத் திருத்தி, குழந்தைகளுக்கு 7, 13, 16 வயது என்று பிரித்துச் சான்றிதழ் தரும் முறை வந்தது. வெட்டுவதைவிட, யாருக்குத் தகும் என்று பெற்றோருக்குச் சொல்வது மேல் என்ற எண்ணம் இதில் இருக்கிறது. அந்த அளவில் இது நல்ல மாற்றம்.

சான்றிதழ் கிடைத்தபின் வரும் கை

இதுவரை பார்த்தவை அரசாங்கத்தின் கத்தரிகள். அவை கண்ணுக்குத் தெரியும். இனிப் பார்க்கப்போவது வெளியிலிருந்து வரும் தலையீடு.

இடஒதுக்கீட்டைப் பற்றி விவாதித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு வாரியம் யு சான்றிதழ் தந்தது. எதிர்ப்பு எழுந்தது. வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. படத்தைக் காட்டினால் கலவரம் வரும் என்று வாதிடப்பட்டது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. வன்முறை செய்வோம் என்று சிலர் மிரட்டினால், மிரட்டுபவரை அடக்குவது அரசின் கடமை, அதற்காகப் பேசுபவரின் வாயை அடைக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். ரங்கராஜன் வழக்கு என்று இன்றும் நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டும் வழக்கு இது. ஆபத்து வெகு தூரத்தில், ஊகத்தில் இருந்தால் போதாது. வெடிமருந்துப் பீப்பாய்க்குப் பக்கத்தில் தீப்பொறி இருப்பது போல நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் விளக்கியது.

தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். நடைமுறையோ வேறாக இருந்தது. 2013 ஜனவரியில் கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' சான்றிதழ் பெற்றுத் திரையரங்குக்கு வரும் நேரத்தில் முஸ்லிம் அமைப்புகள் ஆட்சேபித்தன. சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டித் தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி தடையை நீக்க, அடுத்த நாளே இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. கடைசியில் பேச்சுவார்த்தை நடத்தி, சில இடங்களில் ஒலியை நீக்க ஒப்புக்கொண்டபின் பிப்ரவரி 7 அன்று தமிழ்நாட்டில் படம் வெளியானது. ஆட்சேபித்தவர்களின் மனக்குறையை லேசாக எண்ணிவிடக் கூடாது. தம்மை எப்போதும் ஒரே மாதிரி சித்திரிக்கிறார்கள் என்று ஒரு சமூகம் வருந்தினால் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சட்டப்படி சான்றிதழ் பெற்ற படத்தின் காட்சிகளைப் பேச்சுவார்த்தை மேசையில் குறைக்கும் பழக்கம், நாளை வேறு எவருக்கும் வழியாகிவிடும்.

மூன்றாவது நிகழ்ச்சி நம் எல்லோர் மனத்திலும் பதிந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் எவரும் எதுவும் சொல்லவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தபின், 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. குழந்தையில்லாத தம்பதியரைப் பற்றிய அக்கதை ஊரையும் கோயிலையும் பெண்களையும் இழிவு செய்கிறது என்றார்கள். பிரதிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்கவும், பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு எழுத்தாளர் கையெழுத்திட்டார். அதன்பின் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்து எழுதுவதையே நிறுத்தினார்.

இங்கே நம் நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். அரசு அந்த நூலைத் தடை செய்யவில்லை. பறிமுதல் ஆணை இல்லை. ஆகவே காரணம் எழுதிய காகிதமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அதிகாரி சமாதானம் செய்துவைத்தார், அவ்வளவுதான். ஒரு பக்கம் கூட்டம், இன்னொரு பக்கம் தனி மனிதர். அவருக்கு அந்த ஊரில் குடும்பம், வேலை, வீடு எல்லாம் இருக்கும்போது அதைச் சமாதானம் என்று எப்படிச் சொல்வது?

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் தீர்ப்பளித்தனர். அந்த உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றனர். பிடிக்காத புத்தகத்தைப் படிக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை என்றும், எழுத்தாளர் மீண்டும் தம் வேலைக்கு, அதாவது எழுதுவதற்குத் திரும்ப வேண்டும் என்றும் எழுதினர். அவர் திரும்பினார். 2016இலேயே 'பூனாச்சி' வந்தது. அவருடைய 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023இல் ஜேசிபி இலக்கியப் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த ஒன்றரை ஆண்டுகளில் எழுதாமல் போனவை எவை என்று யாராலும் சொல்ல முடியாது. தலையீட்டால் வரும் நஷ்டத்துக்குக் கணக்குப் புத்தகம் கிடையாது.

எல்லாத் தடையும் தவறா?

"அப்படியானால் எதையும் காட்டலாம், எதையும் எழுதலாம் என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். அப்படி அல்ல. அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு பேச்சுரிமை தரும் இடத்திலேயே அதற்கு நியாயமான வரம்புகளையும் சொல்கிறது. நம் தீவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஜாரவா மக்களைப் படம் எடுப்பதும் அவர்கள் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவதும் தடை செய்யப்பட்டவை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இதற்கு அடிப்படை. அந்தமான் நெடுஞ்சாலையில் உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லி எடுத்த வீடியோ 2012 ஜனவரியில் வெளிவந்து உலகமே கண்டித்ததும், அதே ஆண்டில் ஒழுங்குமுறையைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள்.

கேமரா வைத்திருப்பவர் "என் கலை" என்று சொல்லலாம். ஆனால் படத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் படம் எங்கே போகும் என்பது தெரியாது, எதிர்த்து ஒரு கடிதம் எழுதவும் வழியில்லை. வாய் திறக்க முடியாதவரைப் பாதுகாக்கும் வரம்பு நியாயமானது. வாய் திறப்பவரை அடக்கும் வரம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நம் குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் கரி பூசி 'ஜாரவா' என்று மாறுவேடப் போட்டிக்கு அனுப்புவதை நாமே நிறுத்திக்கொள்ளலாம். அதற்குச் சட்டம் வரவேண்டியதில்லை.

நமக்குள்ளே இருக்கும் கத்தரி

நம் தீவில் தமிழ்க் குடும்பங்களில் அரசு ஊழியர்கள் நிறைய. அரசின் கொள்கையை ஊழியர் எழுத்தில் கண்டிப்பதற்கு நடத்தை விதிகளில் தடை உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டு விதிகள், ரயில்வே ஊழியர்களுக்கு 1966ஆம் ஆண்டு விதிகள். அது இருக்கட்டும். ஆனால் அந்த விதியின் நிழலில் ஒதுங்கி, வரதட்சணையைப் பற்றியும் சாதியைப் பற்றியும் குடிப்பழக்கத்தைப் பற்றியும்கூட எழுதாமல் இருந்துவிடுகிறோம். அவற்றை எந்த நடத்தை விதி தடுக்கிறது? சின்ன ஊர், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், நாளை சந்தையிலும் கப்பல் டிக்கெட் வரிசையிலும் முகம் பார்க்க வேண்டும் என்ற தயக்கம்தான் உண்மையான காரணம். தயக்கம் இயல்பானது. அதற்குத் தணிக்கை என்று பெயர் சூட்டி மரியாதை செய்ய வேண்டாம்.

பத்திரிகை ஆசிரியர் பிழை திருத்துவதும், இடம் போதாமல் சுருக்குவதும் தலையீடு ஆகாது. அது அவருடைய தொழில். சுருக்கியதை எழுதியவரிடம் காட்டிவிட்டால் போதும். நாடகம் ஒன்றரை மணி நேரம் ஓடினால், 40 நிமிடமாக்கச் சொல்வதும் அப்படியே. நேரமும் மைக்கும் எல்லோருக்கும் பொது.

மற்றவற்றுக்கு நம் சங்கம் ஒரு சிறிய நடைமுறை வகுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

1. நாடகப் பிரதியை விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்கலாம். கடைசி வாரத்தில் வெட்டச் சொல்வது எழுதியவருக்கும் நடிப்பவருக்கும் அநீதி.

2. ஆட்சேபணை எழுத்தில் வரட்டும். எந்தப் பக்கம், எந்த வசனம், என்ன காரணம், யார் சொல்வது என்ற நான்கும் இருக்கட்டும். "நாலு பேர் சொல்கிறார்கள்" என்பதை ஏற்க வேண்டாம். அந்த நாலு பேரும் கையெழுத்திடலாம்.

3. மாற்றுவதை எழுதியவரே செய்யட்டும். அவர் மறுத்தால், நிகழ்ச்சியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழு முடிவு செய்யலாம். அவர் பெயரைப் போட்டு, அவர் எழுதாததை மேடையேற்றக் கூடாது.

4. அந்தக் குழு மூன்று பேராக இருக்கலாம். ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது எழுதுபவராகவும் இருக்க வேண்டும். முடிவைக் காரணத்தோடு கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

5. உயிரோடிருக்கும் தனி நபரைப் பெயர் சொல்லி இழிவு செய்வது, ஒரு வீட்டின் சொந்த விஷயத்தை அம்பலப்படுத்துவது, பிறப்பை வைத்து ஒரு சாதியையோ மதத்தையோ ஏசுவது, குழந்தைகள் வாயில் ஆபாசத்தைப் போடுவது ஆகியவை மட்டும் மறுப்புக்குக் காரணமாகலாம். 'எனக்குப் பிடிக்கவில்லை', 'நன்கொடையாளர் வருந்துவார்' ஆகியவை காரணமாகா.

6. நிகழ்ச்சி முடிந்தபின் மனக்குறை உள்ளவருக்கு இதழில் பதில் எழுத இடம் தர வேண்டும். கருத்துக்குக் கருத்தால் பதில் சொல்லும் வழி திறந்திருந்தால், மேடையை அடைக்கும் எண்ணம் தானே குறையும்.

இவ்வளவு சிறிய சங்கத்துக்கு இத்தனை விதிகளா என்று தோன்றலாம். சிறிய இடத்தில்தான் இவை அதிகம் தேவை. பெரிய ஊரில் ஒரு மேடை மறுத்தால் இன்னொரு மேடை கிடைக்கும். கடலால் சூழப்பட்ட இந்த ஊரில் தமிழில் நாடகம் போட மேடைகள் மிகக் குறைவு. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர் துணிந்து தமிழில் நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தால், அவர் கையில் காரணம் எழுதிய காகிதத்தைக் கொடுக்காமல் பக்கங்களை மட்டும் குறைத்துக் கொடுத்தால், அவர் வேறு மொழிக்குப் போய்விடுவார். அவரைத் திரும்ப அழைக்க எந்த உயர் நீதிமன்றத்தாலும் முடியாது.

அடுத்த பொதுக்குழுவில் அன்பர்கள் இதை விவாதிக்க வேண்டுகிறேன். என் யோசனைகளில் குறை கண்டவர்கள் எழுத்தில், பெயரோடு, காரணத்தோடு ஆசிரியருக்கு அனுப்பலாம்.